மாதிரி எடுக்கும் நேரத்திலேயே முடிவாகிவிடும் வழக்குகள்

ஆலையை மூடச் சொல்லி மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் உத்தரவு வந்த பிறகு என் அலுவலகத்துக்கு வரும் சாயப்பட்டறை, சலவைப்பட்டறை உரிமையாளர்களிடம் நான் முதலில் கேட்பது, ஆய்வு நாளன்று கழிவுநீர் மாதிரி எடுத்தபோது கொடுக்கப்பட்ட நோட்டீஸைத்தான். பெரும்பாலானோரிடம் அது இருப்பதில்லை. "மேனேஜர் ஏதோ கையெழுத்துப் போட்டாராம்" என்பதே வழக்கமான பதில். அந்தக் கையெழுத்து எதற்காகப் பெறப்பட்டது என்பது தெரியாமலேயே வழக்கின் முக்கியமான கட்டம் கடந்து போயிருக்கும்.

நீர் மாசடைவதைத் தடுப்பதற்கான 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தில் 21ஆம் பிரிவு இது குறித்துத் தெளிவாகப் பேசுகிறது. மாதிரி எடுக்கும் அதிகாரி, அதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப்போவதாக அந்த இடத்திலேயே எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். ஆலையின் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டால், அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, தனித்தனிக் கலங்களில் அடைத்து, அடையாளமிட்டு, முத்திரை வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒரு கலம் வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போகும். பொறுப்பாளர் கோரினால் மற்றொன்று மாநில அரசு அமைத்த அல்லது குறிப்பிட்ட நீர் ஆய்வகத்துக்குப் போகும். இந்த நடைமுறை பின்பற்றப்படாத மாதிரியின் முடிவைச் சட்ட நடவடிக்கைகளில் சான்றாக ஏற்க முடியாது என்று அதே பிரிவு கூறுகிறது. ஆனால், பொறுப்பாளர் உடனிருந்தும் பிரித்துத் தரும்படி கேட்காவிட்டால், ஒரே கலத்தில் அடைத்து அனுப்புவதும் செல்லும். கேட்க வேண்டும் என்பது தெரியாததால் இரண்டாவது மாதிரியை இழந்தவர்கள் பலர். ஆகவே, ஷிப்டு பொறுப்பாளர் முதல் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் வரை அனைவருக்கும் இந்தப் பிரிவை விளக்கிச் சொல்லி வைப்பது உரிமையாளரின் கடமை.

நடைமுறைப் பிழையைக் காட்டி எந்த ஆலையும் தப்பித்துவிடலாம் என்று இதைப் படிப்பவர்கள் கருதிவிடக் கூடாது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் என்ன நடந்தது என்பதை அறிந்த எவரும் அப்படிப் பேச மாட்டார்கள். பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அதன் நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. நொய்யலின் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அதன் பாசன நில விவசாயிகள், தொடுத்த வழக்கில், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பட்டறைகளின் பொறுப்பை உறுதி செய்தது. அதன் பின்னும் நிலைமை மாறாததால், 2011 ஜனவரியில் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒழுங்காக நடத்தியவர்களின் தையல் இயந்திரங்களும்கூட சாயமேற்றிய துணியின்றி நின்றன என்பதை அந்த ஊர் மறக்கவில்லை.

ஆய்வின்போது ஆய்வக அறிக்கைக்கு முன்பே உண்மையைச் சொல்லிவிடுவது மின்மீட்டர்தான். சுத்திகரிப்பு நிலையத்துக்கென்று தனி மீட்டர் பொருத்த வேண்டும் என்பது, ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதியான இசைவாணையில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. ஒரு பட்டறையின் பதிவேட்டில் கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., மிஞ்சும் உப்புநீரை வற்றச் செய்யும் ஆவியாக்கி இரண்டும் நாள்தோறும் முழு நேரம் ஓடியதாக ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மீட்டரில் ஏறியிருந்த யூனிட்டோ, அந்த மோட்டார்கள் பாதி நேரம்கூட ஓடவில்லை என்று காட்டியது. உள்ளே வந்த நீர், சாயமேற்றிய துணியின் எடை, மீட்கப்பட்ட நீர், மிஞ்சிய உப்பு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாத பதிவேட்டை வைத்துக்கொண்டு எந்த வழக்கறிஞராலும் வாதாட இயலாது; பொருந்தும் பதிவேடு இருந்தால், ஒரு நாள் மாதிரியில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தாலும் அதற்கான காரணத்தை விளக்க வழி உண்டு.

இசைவாணையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உற்பத்தியைக் கூட்டுவதும், புதிய இயந்திரம் நிறுவிய பின் விண்ணப்பிப்பதும் இன்றும் நடக்கின்றன. இரண்டும் தனித்தனி மீறல்களே.

அபராதம் கட்டினால் போதும் என்ற எண்ணம் அண்மைக் காலத்தில் வளர்ந்திருப்பது எனக்குக் கவலை தருகிறது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டத்தால், காற்றுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பல மீறல்களுக்கான சிறைத்தண்டனை நீங்கி, 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதம் வந்தது உண்மை. ஆனால் மூடும் அதிகாரமும் மின் இணைப்பைத் துண்டிக்கச் செய்யும் அதிகாரமும் அப்படியே இருக்கின்றன. மேலும், மாசுக் கட்டுப்பாடு வாரியங்கள் இழப்பீடு விதிக்கலாம், முன்கூட்டியே வங்கி உத்தரவாதமும் கேட்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அதற்கான விதிகளை வகுத்த பிறகே அவ்வதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றும் அது கூறியது.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், அதில் உள்ள ஒவ்வொரு குறைபாட்டுக்கும் தேதியோடும் ஆவணத்தோடும் பதில் எழுதி, நேரில் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். "சரிசெய்துவிட்டோம்" என்ற ஒற்றை வரிக் கடிதம் எதற்கும் உதவாது. மூடும் உத்தரவே வந்துவிட்டால், எங்கே மேல்முறையீடு செய்வது என்பதைச் சட்டப் பிரிவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவில் வாரியம் பிறப்பித்த உத்தரவை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை 30 நாள்களுக்குள் நேரடியாக அணுகலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். இசைவாணை மறுக்கப்பட்டால், முதலில் மேல்முறையீட்டு ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ஸ்டெர்லைட் வழக்கில் ஆலைக்குச் சாதகமாகத் தீர்ப்பாயம் வழங்கிய உத்தரவை 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அந்த வழக்கை நேரடியாக விசாரிக்கும் அதிகார வரம்பு தீர்ப்பாயத்துக்கு இல்லை என்ற காரணத்தால்தான். ஒரே ஆலைக்கு நீர்ச் சட்டத்தின் கீழும் காற்றுச் சட்டத்தின் கீழும் ஒரே நாளில் இரண்டு உத்தரவுகள் வருவதுண்டு. இரண்டையும் தனித்தனியே படித்து, அவை கையில் கிடைத்த தேதியை உறையின் மேலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.