பக்கத்து சர்வரின் நினைவகத்தைக் கடன் வாங்கும் முன்

ஒரு சர்வர் நினைவகம் போதாமல் திணறுகிறது. அதே ரேக்கில் இன்னொன்று பாதி ராம் காலியாக நிற்கிறது. அந்தக் காலியிடத்தை நெட்வொர்க் வழியாக ஸ்வாப்பாக, அதாவது ராம் நிரம்பும்போது தரவை ஒதுக்கி வைக்கும் இடமாக, இணைத்துவிடலாமே என்று எந்த நிர்வாகிக்கும் தோன்றும். கணக்கும் ஆசை காட்டும். நினைவகத்தின் துண்டான 4 கிலோபைட் பக்கம் ஒன்று ஜிகாபிட் கம்பியைக் கடக்க ஏறத்தாழ 33 மைக்ரோவினாடிதான். மற்றத் தாமதங்களைச் சேர்த்தாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கைவிட எவ்வளவோ வேகம். 

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நினைவகம் தீர்ந்துபோன நேரத்தில்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னல் பக்கங்களை வெளியே அனுப்புகிறது. அனுப்புவதற்கு நெட்வொர்க் பொட்டலம் வேண்டும். பொட்டலத்துக்கோ நினைவகம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றால் இயந்திரம் அப்படியே உறைந்துவிடும். 2012-இல் வெளியான லினக்ஸ் 3.6, இதற்கென அவசர இருப்பிலிருந்து நினைவகம் எடுக்க வழி செய்தது. ஆனாலும், இந்த முடக்கம் நேராது என்று உறுதி தர முடியாது என, இன்னொரு இயந்திரத்தின் சேமிப்பிடத்தை நெட்வொர்க் வழியாக இணைக்கும் என்பிடி (NBD) கிளையன்ட்டின் கையேடே சொல்கிறது. அந்த வரியைப் படிக்காமல் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

கடன் கொடுக்கும் சர்வரையும் பாருங்கள். அங்கே டெம்ப்எஃப்எஸ்ஸில் (tmpfs, நினைவகத்தில் இயங்கும் கோப்பு முறைமை) கோப்பு உருவாக்கிப் பகிர்ந்தால், நெருக்கடி வரும்போது அந்தக் கோப்பே அந்த சர்வரின் ஸ்வாப்புக்குப் போய்விடலாம். அப்போது நெட்வொர்க்கும் டிஸ்க்கும் சேர்ந்து நம்மைக் காக்கவைக்கும். ராமிலேயே தங்கிவிடும் ராம்டிஸ்க்குக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அந்த சர்வர் திடீரென விழுந்தால், அங்கே பக்கங்களை வைத்திருந்த நிரல்களும் சாகும். திட்டமிட்டு மறுதொடக்கம் செய்வதென்றால் முன்பே ஸ்வாப்பை விலக்கும் ஸ்வாப்ஆஃப் (swapoff) கட்டளையைக் கொடுக்க வேண்டும். எல்லாப் பக்கங்களும் திரும்பி வர உள்ளூரில் இடம் இருக்கிறதா என்று அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது பாதுகாப்புதான். வெளியே போகும் பக்கத்தில் கடவுச்சொல் இருக்கலாம், வாடிக்கையாளரின் விவரம் இருக்கலாம். என்பிடி இயல்பாக எதையும் மறைகுறியாக்குவதில்லை. தரவை மறைகுறியாக்கும் டிஎம்-கிரிப்ட் (dm-crypt) அடுக்கை நம் இயந்திரத்திலேயே போட்டு, ஒவ்வொரு துவக்கத்திலும் புதுச் சாவி உருவாகும்படி அமைத்தால், கம்பியில் ஒட்டுக்கேட்பவருக்கும் கடன் கொடுத்த சர்வருக்கும் உள்ளடக்கம் புரியாது.

என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் இசட்ராமைத்தான் (zram) சொல்கிறேன். பக்கங்களைச் சுருக்கி நம் ராமிலேயே வைத்துக்கொள்கிறது; நெட்வொர்க்கே வேண்டாம். அதுவும் பற்றாதபோது பக்கத்து சர்வரை நாடலாம், ஸ்வாப் முன்னுரிமையில் இசட்ராமுக்குக் கீழே வைத்து.