புலம்பெயர் கலைஞரா, புகலிடக் கலைஞரா?

சொந்த நாட்டில் இருக்க முடியாமல் வேறு நாட்டில் வாழும் கலைஞரை ஆங்கிலத்தில் ‘எக்ஸைல்’ என்கிறார்கள். தமிழில் புலம்பெயர் கலைஞர் என்கிறோம். அது சரிதானா? காவிரி டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் யாரிடமாவது ‘புலம்’ என்றால் என்ன என்று கேளுங்கள், பட்டாவை எடுத்துக் காட்டுவார். அதில் ‘புல எண்’ இருக்கும். வயலை அளந்து வரைந்த தாளுக்குப் புலப்படம் என்று பெயர். வயல், நிலம், அப்படியே விரிந்து ஒருவர் வாழும் நாடு: இவ்வளவும் புலம்தான். பெயர்தல் என்றால் இருந்த இடம் விட்டு நகர்தல்.

இரண்டும் சேர்ந்த ‘புலம்பெயர்’ நேற்று உருவான சொல் அல்ல. நம் காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரைப் பாடும் பட்டினப்பாலையிலேயே இருக்கிறது: ‘மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ பட்டினம். பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஊராரோடு கலந்து இனிதாக வாழ்ந்தார்கள். அவர்களை யாரும் துரத்தியதாகப் பாட்டில் இல்லை.

இப்போது இந்தச் சொல்லைத்தான் ‘டயஸ்போரா’வுக்கும் போடுகிறோம், ‘எக்ஸைல்’ என்பதற்கும் போடுகிறோம். முதலாவது கிரேக்கம், விதை தெளிப்பதுபோல் சிதறுதல் என்பது அதன் வேர்ப்பொருள். அதற்குப் புலம்பெயர்வு சரி. இரண்டாவது லத்தீன் வழி வந்தது. நாட்டைவிட்டு விலக்கப்படுதல் என்று பொருள். அதற்கு இது போதாது என்பது என் எண்ணம்.

காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. நடவு நாளில் நாற்றங்காலில் நின்று பாருங்கள். நாற்று தானாகப் பெயர்வதில்லை. பறித்து, வேர்மண்ணைத் தண்ணீரில் அலசி, முடி கட்டி, வேறு வயலில் கொண்டுபோய் ஊன்றுகிறோம். சில நாள் வெளுத்துத் துவண்டு நிற்கும். அப்புறம்தான் பச்சை பிடிக்கும். கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் பொங்கலுக்கு வந்துபோகலாம், அவர் புலம்பெயர்ந்தவர். திரும்பினால் சிறை அல்லது சாவு என்ற நிலையில் பாடுகிறவர், வரைகிறவர், நடிக்கிறவர் பெயர்க்கப்பட்டவர். இருவருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் பெயர்க்கப்பட்டவரை விரட்டிய கை மறைந்துபோகிறது.

‘நாடு கடத்தப்பட்ட கலைஞர்’ என்று சொல்லலாமே என்றால், அரசு ஆணையிட்டு வெளியேற்றியிருந்தால் மட்டுமே அது பொருந்தும். பாரதியை யாரும் நாடு கடத்தவில்லை. 1908-இல் கைதுக்குத் தப்பி அவரே பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போனார். பத்தாண்டு அங்கிருந்தார். குயில் பாட்டு அங்கேதான் பிறந்தது. 1918-இல் எல்லை தாண்டியதும் கடலூரில் பிடித்துவிட்டார்கள். கூப்பிடு தூரம்தான், ஆனாலும் வேறு நாடு. 1954 வரை காரைக்காலைப் பிரெஞ்சு நிலமாகப் பக்கத்திலேயே பார்த்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1983-க்குப் பிறகு பாரிஸிலும் லண்டனிலும் டொரோண்டோவிலும் ஒதுங்கிய ஈழத்தவர் தங்கள் எழுத்தைப் ‘புலம்பெயர் இலக்கியம்’ என்றும் ‘புகலிட இலக்கியம்’ என்றும் அழைத்தார்கள். முதல் பெயர் பரவலாகிவிட்டது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். தஞ்சம் கேட்டு நின்றதை அது மறைக்கவில்லை. அகதி, ஏதிலி என்ற சொற்களும் இருக்கின்றனவே என்றால், ‘அகதி’ வடசொல், போக்கிடம் அற்றவர் என்ற பொருள். ‘ஏதிலி’ நல்ல தமிழ்தான். ஆனால் குறளில் ஏதிலார் என்றால் அயலார், அந்த அந்நியம் சொல்லில் ஒட்டியே இருக்கிறது.

புகல் என்றால் அடைக்கலம். சீர்காழியின் பன்னிரு பெயர்களில் ஒன்று புகலி. சூரபதுமனுக்கு அஞ்சிய தேவர்கள் வந்து ஒளிந்த ஊர் என்பது தலபுராணம். சம்பந்தர் தம் பதிகங்களில் அந்தப் பெயரை வாய்நிறையச் சொல்கிறார். ஓடிவந்தவர்களுக்கு இடம் கொடுத்ததால் ஓர் ஊருக்கே பெயர் வந்திருக்கிறது!

ஆகவே எக்ஸைலில் வாழ்பவர் புகலிடக் கலைஞர். அங்கிருந்து அவர் படைப்பது புகலிடக் கலை. அரசாணையால் வெளியேற்றப்பட்டிருந்தால் மட்டும் நாடு கடத்தப்பட்டவர். புலம்பெயர்ந்தோர் என்பதைப் பட்டினப்பாலைக்காரர்களைப்போல் விரும்பிப் போய்க் கலந்து வாழ்கிறவர்களுக்கு வைத்துக்கொள்வோம்.