கேஸ் ஷீட் நகல்: 72 மணி நேர விதி

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியின் கையில் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும் சில ஸ்கேன் படங்களும் மட்டுமே இருக்கும். எந்த நேரத்தில் எந்த ஊசி போடப்பட்டது, ரத்த அழுத்தம் எப்போது இறங்கியது, மயக்க மருத்துவர் என்ன குறித்தார், அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்திட்டவர் யார் என்பனவெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் கிடைக்கும். அதன் நகலைப் பெறும் உரிமை, இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு தொழில் நடத்தை ஒழுங்குமுறைகளில் இடம்பெற்றுள்ளது.

அவற்றின் 1.3 பிரிவின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் மருத்துவர் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால், ஒப்புகை அளித்து 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும். மறுப்பது 7.2 பிரிவின்படி தொழில்முறைத் தவறாகும். அக்கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய ஒழுங்குமுறைகளை அறிவித்து, அதே மாதத்தில் நிறுத்திவைத்ததால், 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

பலர் கவனிக்கத் தவறுவது, இவ்விதி மருத்துவமனை நிர்வாகத்தை நோக்கியதன்று, பதிவுபெற்ற மருத்துவரை நோக்கியது என்பதையே. ஆகவே, கவுண்டரில் வாய்மொழியாகக் கேட்டு அலைவதைவிட, சிகிச்சையளித்த மருத்துவருக்கும் நிர்வாகத்துக்கும் சேர்த்தே கடிதம் எழுதி, உள்நோயாளி எண்ணையும் சேர்க்கப்பட்ட, விடுவிக்கப்பட்ட தேதிகளையும் குறிப்பிட்டு, நகலில் தேதியுடன் முத்திரை பெறுவது நல்லது. முத்திரையிட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனையில் நிலைய மருத்துவ அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். 30 நாள் காத்திருக்க முடிந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உதவும்.

அப்படியும் தராத மருத்துவர்மீது மாநில மருத்துவக் கவுன்சிலில், தமிழகத்தில் எனில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில், புகார் செய்யலாம். மருத்துவரின் பதிவு எண்ணை மருந்துச் சீட்டிலேயே காணலாம்; அதை அச்சிடுவதும் கட்டாயம். புகாரின்மீது 6 மாதத்திற்குள் முடிவெடுக்க வேண்டும் என்கின்றன விதிகள். கவுன்சிலால் மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடியும். இழப்பீடு வழங்க முடியாது. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தைத்தான் அணுக வேண்டும். கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்துவிட்டது. நுகர்வோர் ஆணையத்தை அணுகுவதற்கான காலவரம்பு 2 ஆண்டுகளே என்பதால், கவுன்சிலின் முடிவுக்காகக் காத்திருந்து நாளைக் கடத்திவிடக் கூடாது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-இன் 30-ஆவது பிரிவு, மாநிலக் கவுன்சிலின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட மருத்துவரின் மேல்முறையீட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது; புகார் கொடுத்த நோயாளியை அது குறிப்பிடவே இல்லை. தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஒரு தொழிலின் மீது மக்கள் நம்பிக்கை வைக்க இது எவ்வகையிலும் துணைசெய்யாது.

மேற்சொன்ன 3 ஆண்டுக் கடமை உள்நோயாளிகளின் ஆவணங்களுக்கே உரியது. புறநோயாளிகள் தங்கள் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் தாங்களேதான் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.