நூலகப் புத்தகத்தில் பேனையால் எழுதும் அன்பர்களுக்கு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகல், இரவல் பகுதியில் கூட்டம் குறைந்திருந்த வேளையில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அங்கத்தவர் ஒருவர் என் மேசைக்கு வந்து, பிளேட் ஒன்று கிடைக்குமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நூலகர் ஒருவரிடம் எவரும் கேட்கக்கூடாத பொருள் அது. எதற்கென்று விசாரித்தபோது, கையிலிருந்த நாவலின் 87 ஆம் பக்கத்தைத் திறந்து காட்டினார். கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறையும் கட்டம், அதன் ஓரத்தில், நீலப் பேனையால், "ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்! சூப்பர்!" என்று உருண்டையான எழுத்தில் எழுதி, கீழே ஓர் இதயமும் வரையப்பட்டிருந்தது.

"இது என்னுடைய எழுத்து, மிஸ். ஏஎல் படித்த காலத்தில் எழுதினேன். இப்போது மகள் இந்தப் புத்தகத்தைக் கேட்கிறாள். அவளுக்குப் பதினேழு வயது."

வெட்டுவதற்கு நான் அனுமதிக்கவில்லை. டிபெக்ஸ் பூசட்டுமா என்றார், அதற்கும் மறுத்தேன். இறுதியில் அந்தப் பக்கத்தோடேயே புத்தகத்தைப் பதிந்துகொண்டு போனார். வீட்டுக்குப் போகும் வழியில் மகளுக்கு என்ன விளக்கம் யோசித்துவைத்தாரோ, அது என் வேலைக்கு வெளியே உள்ளது. ஆனால், அந்த நீல எழுத்தை நான் அழித்துத் தருவேன் என்ற நம்பிக்கையோடுதான் அவர் வந்தார். அதை அழிக்கும் வழி என்னிடம் இல்லை என்று சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான், பல ஆண்டுகளாக வாய்வார்த்தையாகச் சொல்லிவந்ததை எழுதியே வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. சம்பந்தப்பட்டவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நாவலாசிரியரின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். தமிழ்நாட்டவர், காதல் கதைகளுக்குப் பெயர்போனவர், கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு ஒருவராவது படித்திருக்கக்கூடியவர் என்பது போதும். பெயரைச் சொன்னால் பேச்சு உடனே அவரைப் பற்றியதாகிவிடும்; எனக்கு வேண்டியது அவருடைய புத்தகங்களில் நீங்கள் எழுதிவைப்பதைப் பற்றிய பேச்சு. எங்கள் அடுக்கில் அவருடைய நாவல்கள் ஏறத்தாழ அறுபது இருக்கின்றன. பேனை படாதவை எத்தனை என்று சென்ற வாரம் எண்ணிப் பார்த்தேன்: பதினொன்று.

கேட்டால், எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அடுத்து எடுப்பவருக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன்." ஒருவர் ஒரு படி மேலே போய், நூலகவியலே அப்படித்தானே சொல்கிறது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டுமென்று, என என்னையே மடக்கினார். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது அது, உண்மைதான். ஆனால் அது நூலகப் பணியாளர்களுக்குச் சொன்ன விதி. பட்டியலை ஒழுங்காக வை, அடுக்கை ஒழுங்காக வை, வந்தவரைக் காக்க வைக்காதே என்பதே அதன் பொருள். முதற் பக்கத்தில் "குப்பை, நேரம் வீண்" என்று எழுதி அடுத்தவரைத் திருப்பி அனுப்புவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. அதற்கு முந்தைய விதியையும் அந்த அன்பர் படித்திருக்கலாம்: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. அந்த வாசகர் வந்து சேருவதற்கு முன்பே வாசலில் நின்று விரட்டினால், நூல் என்ன செய்யும்?

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், என்னை மிகவும் சலிப்படையச் செய்யும் வாசகம் இந்த இடத்தில்தான் வருகிறது. "இவர் எழுதுவது எல்லாம் ஒரே கதைதான்" என்பது அது. எங்கள் பிரதிகளில் குறைந்தது ஏழில், வெவ்வேறு கையெழுத்துகளில், இதே வாசகம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஏழில் ஒன்று காதல் கதையே கிடையாது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, அறுபதைக் கடந்த கணவனும் மனைவியும் ஒரே வீட்டுக்குள் பேசாமல் வாழும் கதை அது. முப்பதாம் பக்கம் வரையாவது போயிருந்தால் எழுதியவருக்குத் தெரிந்திருக்கும்.

நாற்பது ஆண்டுகள் எழுதிய ஒருவர் ஒரே மாதிரி எழுதியிருக்க முடியாது. இவருடைய தொடக்க கால நாவல்களில் செல்வந்தனான, முன்கோபியான ஒரு நாயகன் வருவான். கட்டாயத்தின் பேரில் ஒரு திருமணம் நடக்கும். இருநூறு பக்கங்களுக்கு மனத்தாங்கல், கடைசிப் பத்துப் பக்கங்களில் சமாதானம். அந்த வகையை வைத்து அவரை எடைபோடுபவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நடுக்காலத்தில் கணவனை இழந்த பெண்ணின் மறுமணத்தை மையமாக வைத்தும், சொத்துத் தகராறு ஒன்றின் மர்மத்தை வைத்தும் எழுதியிருக்கிறார்; அண்மைக் காலத்துக் கதைகளில் நாயகிக்குச் சொந்தமாகத் தொழில் இருக்கிறது, நாயகனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்திருக்கிறது. என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், மர்மக் கதைகள் அவருக்குக் கைவரவில்லை. மறுமணக் கதைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. இதை நான் எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

புனைகதையை நாங்கள் 894.8113 என்ற டியூவி எண்ணின் கீழ், அதாவது தமிழ்ப் புனைகதைக்குரிய நூலக வகைப்பாட்டு எண்ணின் கீழ், ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்குகிறோம். ஆகவே இவருடைய அறுபது நூல்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. புதிதாக வரும் ஒருவர் முதலில் உருவும் புத்தகத்தின் முதல் தாளில் "எல்லாம் ஒரே கதை" என்று கண்டால், அந்த ஒன்றை மட்டும் திருப்பி வைப்பதில்லை. அந்தத் தட்டையே விட்டு நகர்ந்துவிடுகிறார். மேசையிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

கருத்துச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உண்மையில், ஓரங்களில் கிடக்கும் கருத்துகள் பலவற்றை நான் இரசித்துப் படித்திருக்கிறேன். அதே அறை விழும் கட்டத்துக்கு, வேறொரு பிரதியில், சட்டம் படிக்கும் யாரோ ஒருவர் "இவனுக்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம் தெரியாதா?" என்று சிவப்பு மையில் கேட்டிருக்கிறார். அது நம் நாட்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். கதை நடப்பது சென்னையில், அச்சான காலமும் அதற்கு வெகு முந்தியது. அதன் கீழே இன்னொருவர், "கதையைக் கதையாகப் படிக்கவும்." அதற்கும் கீழே மூன்றாமவர், "என் அக்காவுக்கு நடந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள்." எல்லாவற்றுக்கும் அடியில், நடுங்கும் எழுத்தில், "எனக்குக் கண் மங்கல். உங்கள் சண்டையால் வரி தெரியவில்லை" என்று ஒரு முதியவர் எழுதியிருக்கிறார், அவரும் பேனையால்தான்! எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது, கைக்குக் கிடைத்த ஒரு பிரதியைப் பத்து வீடுகளுக்குச் சுற்றவிட்டு, கசங்காமல் திருப்பிக் கொடுத்த தலைமுறையைச் சேர்ந்தவராக அவர் இருக்கக்கூடும். அவருக்கே பொறுமை போயிருக்கிறது.

இந்த நால்வரும் சொன்னவை மதிப்புள்ளவை. ஆயினும் அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு வயதில், ஒரு மனநிலையில் நின்று சொன்னார்கள். பிளேட் கேட்டு வந்த அம்மாவும் தம்முடைய பதினெட்டு வயதில் மனமறிந்துதான் அந்த இதயத்தை வரைந்தார். இடையில் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 87 ஆம் பக்கம் மட்டும் அவரைப் பதினெட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

மை ஏன் அழிவதில்லை என்று பலர் கேட்கிறார்கள். குமிழ்முனைப் பேனையின் மை எண்ணெய்ப் பசையில் கரைத்த சாயம். இந்த நாவல்கள் அச்சாகும் மலிவான மரக்கூழ்த் தாள் அதை உறிஞ்சிவிடும். காலப்போக்கில் எழுத்தைச் சுற்றி எண்ணெய் படர்ந்து மறுபக்கத்திலும் தெரியும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் சாயம் இன்னும் அகலமாகப் பரவும். அழிறப்பரால் தேய்த்தால் தாளின் மேற்பரப்பே உரிந்து, அச்செழுத்தும் சேர்ந்து போகும். டிபெக்ஸ் காய்ந்து வெடித்து எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் விடயம்.

புதுப் பிரதி வாங்கிவிடலாமே என்று சொல்பவர்களுக்கு: இவை சென்னையிலிருந்து வர வேண்டும். 2022 இல் டொலரின் விலை சில மாதங்களுக்குள் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டிய பின்னர், எங்கள் கொள்வனவுப் பட்டியலில் முதலில் வெட்டப்பட்டவை பொழுதுபோக்கு நாவல்கள். பழைய பதிப்புகள் பல இப்போது அச்சிலும் இல்லை. அடுக்கில் இருப்பதுதான் இருக்கிறது.

ஆகவே, தயவுசெய்து இவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். நூலகப் புத்தகத்தை வாசிக்கும்போது பேனையைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். பென்சிலால் எழுதலாமா என்று கேட்க வேண்டாம். மலிவுத் தாளில் அதை அழிப்பதும் சேதந்தான். ஒளிரும் மையால் கோடு போடும் மாணவர்கள் தங்கள் சொந்தக் கொப்பியில் போட்டுக்கொள்ளட்டும். வேறொருவர் எழுதியிருப்பதைக் கண்டால் அதற்குப் பதில் எழுதாதீர்கள். எந்தக் குறிப்பும் முதல் பதிலுக்குப் பிறகுதான் சண்டையாகிறது. புத்தகத்தை எடுக்கும்போதே பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, கிறுக்கல் இருந்தால் மேசையில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் திருப்பித் தரும்போது தண்டப்பணம் உங்கள் தலையில் விழும், அப்போது என்னோடு வாதாடுவதில் பயனில்லை. பொது நூலகமென்றால், 1982 ஆம் ஆண்டின் பொதுச் சொத்துகளுக்கு எதிரான தவறுகள் சட்டம் என்று ஒன்றும் நாட்டில் இருக்கிறது. ஒரு காதல் நாவலுக்காக யாரையும் பொலிசுக்கு இழுக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் "சின்ன விடயந்தானே, மிஸ்" என்று சிரிப்பவர்களுக்கு அதைச் சொல்லிவைக்கத் தோன்றுகிறது.

கருத்தை எங்கே எழுதுவது? எங்கள் மேசையில், நூலுக்கு இரண்டு பக்கம் வீதம் ஒதுக்கி, நீளக் கொப்பி ஒன்றை வைத்திருக்கிறேன். திகதியையும், விரும்பினால் வயதையும் போட்டு, மனத்தில் பட்டதை எழுதலாம். திட்டலாம், புகழலாம், ஒருவருக்கொருவர் பதிலும் சொல்லலாம். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து வந்து, பழைய குறிப்பின் கீழேயே வேறு திகதியில் வேறு கருத்தை எழுதவும் இடம் விட்டிருக்கிறேன். மனைவியின் அட்டையில் இரகசியமாக எடுத்துப் படிக்கும் ஐயாமார் சிலரும் பெயரில்லாமல் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மற்ற நூலகங்களில் இப்படியொரு கொப்பி இல்லையென்றால், வைக்கச் சொல்லிக் கேளுங்கள். செலவு ஒரு கொப்பிதான்.

கடைசியாக, கிழித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அறுபதில் ஆறு நாவல்களுக்குச் சமாதானம் நடக்கும் இறுதித் தாள் இல்லை. யாரோ நினைவாக வைத்திருக்கிறார்கள். தைத்துக் கட்டிய புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தால், மடிப்பின் மறுபக்கத்தில் இருக்கும் அதன் இணைத்தாளும் தளர்ந்து சில மாதங்களில் கழன்று விழும். ஆகவே ஆறு முடிவுகளோடு வேறு ஆறு தாள்களும் போய்விட்டன. அந்தத் தாள் இன்னும் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகி, கசிந்து, எழுத்தையே தின்றுவிடும். மடிக்காமல் ஓர் உறையில் போட்டு, நூலின் பெயரை மட்டும் உறையின் மேல் எழுதி, மேசையிலோ திருப்பித் தரும் பெட்டியிலோ வைத்துவிட்டுப் போங்கள். கோதுமை மாப் பசையும் மெல்லிய யப்பானியத் தாளும் என்னிடம் இருக்கின்றன. யார் கொண்டுவந்தார்கள் என்று நிமிர்ந்து பார்க்க மாட்டேன். உறையின் மேல் எழுதுவதற்குப் பேனையைப் பாவிக்கலாம்.