‘பட்ஜெட் தாக்கம்’ அன்று, வரவுசெலவு மாற்றம்

குழந்தைக் கடத்தலைத் தடுக்க அமெரிக்காவில் கொண்டுவரப்படும் மசோதாக்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘மசோதாவின் பட்ஜெட் தாக்கம்’ என்றே தொடர்ந்து எழுதிவருகிறார்கள். ஆங்கிலத்து ‘பட்ஜெட் இம்பாக்ட்’ என்பதன் நேர்பெயர்ப்பு அது. ‘பட்ஜெட்’ சிறு தோற்பையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. ‘இம்பாக்ட்’ மோதி அழுத்துவதைக் குறிக்கும் லத்தீன் வேரினது. பின்னதன் மோதற்பொருள் ஆங்கிலத்திலேயே தேய்ந்து, எவ்வகை விளைவுக்கும் பொதுச்சொல் ஆகிவிட்டபின், அதன் வேரைத் தேடி ‘தாக்கம்’ என்று பெயர்த்திருக்க வேண்டியதில்லை.

அதனினும் பெரிய குறை தொடரின் அமைப்பில் இருக்கிறது. புயல் தாக்கம், வெயிலின் தாக்கம் என்னும்போது முன்நிற்கும் பெயரே தாக்குவது. ஆகவே ‘பட்ஜெட் தாக்கம்’ என்றால் பட்ஜெட்டால் மக்களுக்கு நேர்வது என்றே தமிழ்க் காது கொள்ளும். சொல்லவந்ததோ மசோதாவால் பட்ஜெட்டுக்கு நேர்வது. (மசோதா ‘தாக்கல்’ ஆவதற்கும் இதற்கும் உறவில்லை, அது ‘தாகில்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது.) ‘விளைவு’ என்று மாற்றினாலும் இக்குழப்பம் முற்றும் தீராது. விலை மாற்றம், பெயர் மாற்றம் என்பவற்றிலோ முன்நிற்கும் பெயரே மாறுவது. ஆதலால் ‘வரவுசெலவு மாற்றம்’ என்பதே பொருந்தும்.

‘நிதிச்சுமை’ என்பாரும் உளர். அது தெளிவான தமிழ்தான். ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் வரவுசெலவு அலுவலகம், அம்மன்றக் குழுக்களின் ஒப்புதல் பெற்ற மசோதாக்களுக்கு மதிப்பீடு தயாரிக்கிறது. குற்றவியல் மசோதாவானால் வழக்கு நடத்தவும் சிறையில் வைக்கவும் ஆகும் செலவோடு, அபராத வரவும் அதில் பேசப்படும். அவ்வபராதம் குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான நிதியத்தில் சேர்ந்து, பின்னர் செலவாகிறது. சிறுவரைக் கடத்தும், நெருங்கிய உறவினரல்லாதோருக்குக் குறைந்தது 20 ஆண்டுச் சிறை என்று 2003இல் விதித்தார்களே, அத்தகைய விதி சிறைச்செலவைப் பல ஆண்டுகளுக்கு நீட்டிக்கும். பெற்றோரில் ஒருவர் குழந்தையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றிய 2014ஆம் ஆண்டுச் சட்டமோ வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் காங்கிரசுக்கு அறிக்கை தரவேண்டும் என்கிறது. அங்கே செலவு அலுவலர் பணியில் இருக்கிறது.

இவ்வகை வழக்குகள் நடுவணரசின் நீதிமன்றங்களுக்கு வருவது குறைவென்பதால், மாற்றம் மிகச் சிறிது என்றே மதிப்பீடுகள் பெரும்பாலும் முடியும். அதை ‘மசோதாவின் தாக்கம் மிகக் குறைவு’ என்று பெயர்த்துவிட்டால், படிப்பவர் அச்சட்டத்தால் கடத்தல் குறையாது என்று அல்லவா எண்ணுவார்? கருவூலக் கணக்கைப் பற்றிய வாக்கியம் குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிய தீர்ப்பாக மாறிப்போகிறதே, இதை மொழிபெயர்ப்பாளர் ஒருமுறையேனும் வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?