முனைவர் பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே யோசிக்க வேண்டியவை

வடசென்னையில் தொழில்வழி ஆலோசகராகப் பணிபுரியும் என்னிடம், ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் அடிக்கடி வருகிறார்கள். பெரும்பாலோர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். பேராசிரியர் பணி ஒன்றையே மனத்தில் வைத்து ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள். அந்த விருப்பத்தில் குறைகாண ஏதுமில்லை. ஆனால் பிற வழிகளை ஆய்வு நடக்கும்போதே விசாரித்து வைக்காதவர்கள், உதவித்தொகை நின்ற மறுமாதமே திணறுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல், நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வின் வழியே கிடைக்கும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் அது முடிந்துவிடும். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் கிடைப்பது அதைவிடக் குறைவான தொகுப்பூதியம்தான். பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் வகுக்கப்பட்ட விதியும் 2023 திருத்தத்தில் தளர்த்தப்பட்டு, நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதியாகிவிட்டது. ஆகவே நெட் அல்லது செட் எழுதாமல் பட்டத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பதே விரிவுரையாளர் பணியை விரும்புவோருக்கு நான் முதலில் சொல்வது.

அண்மையில் வேதியியல் ஆய்வாளர் ஒருவரின் பயோடேட்டாவைப் படித்தேன். முதல் மூன்று பக்கங்களும் கருத்தரங்கச் சான்றிதழ்கள். கழிவுநீரில் கலந்த குரோமியத்தை அளப்பதற்காக ஏஏஎஸ் (அணு உறிஞ்சல் நிறமாலைமானி) கருவியைத் தானே அளவுதிருத்தி, இளைய ஆய்வாளர்களுக்கும் பயிற்சி அளித்துவந்த செய்தி கடைசிப் பக்கத்தில் ஒரே வரியாக ஒளிந்திருந்தது. மணலியையும் எண்ணூரையும் சுற்றியுள்ள ஆலைகளின் கழிவுநீரைச் சோதிக்கும் என்ஏபிஎல் (சோதனை ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்று தேடுவது அந்த வரியைத்தான். சோதனை ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 பன்னாட்டுத் தரத்தின்படி, சோதனை முறை சரியானதென்று நிறுவவும், அளவீட்டின் ஐயப்பாட்டை, அதாவது முடிவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதைக் கணக்கிடவும் தெரிந்தவர்கள் அங்கே தேவை. அந்த வரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, எந்தெந்த உலோகங்களை எந்த அளவுவரை கண்டறிந்தார், முடிவுகளின் நம்பகத்தன்மையை எப்படி உறுதிசெய்தார் என்று விரித்து எழுதச் சொன்னேன்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்களிலும் நீர், காற்று, மண், உயிரினப் பன்மை எனத் துறைவாரியாக வல்லுநர்கள் தேவைப்படுகிறார்கள். அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்று, 21 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள், கண்டுபிடிப்பாளர்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைத் தயாரிக்கும் காப்புரிமை முகவராவதற்கான தேர்வை எழுதலாம். முந்தைய ஆய்வுகளைச் சல்லடையிட்டுத் தேடிப் பழகிய முனைவர் மாணவருக்கு அந்தத் துறை மிகவும் பொருந்தும் என்பது என் கணிப்பு. சென்னைக் காப்புரிமை அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது. தமிழிலும் வரலாற்றிலும் ஆய்வு செய்தவர்களுக்குப் பதிப்பகம், ஆவணக் காப்பகம், மொழித் தொழில்நுட்பத்துக்கான தரவுப் பணி ஆகியவை உண்டு. வாய்ப்புகள் குறைவுதான் என்பதால் அவர்கள் இன்னும் முன்கூட்டியே தேடத் தொடங்குவது நல்லது.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய முதுமுனைவர் ஆய்வை விரும்புவோர் வயது வரம்பைக் கவனிக்க வேண்டும். தேசிய முதுமுனைவர் உதவித்தொகைக்கு 35 வயது வரம்பு; பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு.

ஆய்வு செய்த பல்கலைக்கழகத் துறையை விட்டு வெளியேறும் முன், நீங்கள் இயக்கிய கருவிகளையும் பயன்படுத்திய மென்பொருள்களையும் பெயர் குறிப்பிட்டு நெறியாளரிடம் அனுபவச் சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் ஓய்வுபெற்றுவிட்டாலோ வேறு ஊருக்கு மாறிவிட்டாலோ, அந்தக் கையெழுத்துக்காக அலைய நேரிடும்.