கொட்டகைக்குள் கூர்மையாகும் வைரஸ்

"காட்டு வாத்துகள்தான் பறவைக் காய்ச்சலைச் சுமந்து வருகின்றன என்கிறீர்கள். அவை நோயோடு கண்டம் விட்டுக் கண்டம் பறக்கின்றன. அதே நோய் தொற்றிய பண்ணைக்கோழி மட்டும் இரண்டே நாளில் செத்துவிழுகிறதே, எப்படி?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அதில் ஒரு சின்னத் திருத்தம் மட்டும் வேண்டும். வாத்திடமிருந்து வந்த வைரஸும் கோழியைக் கொன்ற வைரஸும் பல நேரங்களில் ஒன்றல்ல. வந்தது சாது. கோழிகளுக்குள் பரவிப் பெருகும்போதுதான் அது கொலைகாரனாக மாறியது.

அடிப்படைகளை வேகமாகக் கடந்துவிடுவோம். இது இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸ். மரபுத் தகவலைச் சுமக்கும் எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகள், அவற்றைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை, உறையின் மேல் முக்கியமான இரண்டு புரதங்கள்: ஹீமக்ளூட்டினின் (சுருக்கமாக எச்), நியூராமினிடேஸ் (என்). பறவைகளில் முதலாவதில் 16 வகையும் இரண்டாவதில் 9 வகையும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. எச்5என்1 போன்ற பெயர்கள் இப்படித்தான் வந்தன. இந்த வைரஸ்களில் பெரும்பாலானவை நீர்ப்பறவைகளின் குடலில் சத்தமில்லாமல் பெருகி, எச்சத்தோடு தண்ணீரில் கலந்து, அடுத்த பறவையின் வாய்க்குப் போய்ச் சேர்கின்றன. பண்ணைகளைச் சுடுகாடாக்கும் வடிவத்தை இயற்கையில் எடுப்பவை எச்5, எச்7 என்ற இரண்டே வகைகள். ஏன் இந்த இரண்டு மட்டும்? எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஹீமக்ளூட்டினின் செல்லுக்குள் தயாராகும்போது ஒரே நீளச் சங்கிலியாக இருக்கிறது. அந்த நிலையில் அது பயன்படாது. சங்கிலியின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டு விழவேண்டும். எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். பொறி இருந்தால் மட்டும் போதாது, கம்பியை இழுத்து மாட்டிவைக்க வேண்டும். அந்த வெட்டுதான் கம்பியை மாட்டும் வேலை. பிறகு வைரஸ் புதிய செல் ஒன்றில் ஒட்டுகிறது, செல் அதை ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது, பைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. அமிலம் பட்டதும் பொறி தெறிக்கிறது! புரதத்துக்குள் ஒளிந்திருந்த முனை வெளியே பாய்ந்து பையின் சவ்வில் குத்திக்கொள்ள, வைரஸின் உறையும் அந்தச் சவ்வும் ஒன்றாகி, ஆர்.என்.ஏ. உள்ளே இறங்கிவிடுகிறது. மாட்டாத பொறி தெறிப்பதில்லை. அந்த வைரஸ் உள்ளே நுழைய முடியாது.

கம்பியை மாட்டுவது யார்? வைரஸிடம் அதற்கான கருவி கிடையாது. பறவையின் நொதிகளைத்தான் நம்பியிருக்கிறது. சாது வைரஸில் வெட்டு விழும் இடத்தில் பொதுவாக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி) ஒன்றே ஒன்று நிற்கும். டிரிப்சினைப் போன்ற நொதிகளால்தான் அதை வெட்ட முடியும். அவை குடலிலும் மூச்சுப்பாதையிலும் கிடைக்கும், வேறு உறுப்புகளில் அநேகமாகக் கிடைக்காது. ஆகவே தொற்று அந்த இரண்டு இடங்களோடு நின்றுவிடுகிறது. முட்டை கொஞ்சம் குறையும், லேசான சளி இருக்கும், அவ்வளவுதான்.

அதே இடத்தில் ஆர்ஜினினும் லைசின் என்ற இன்னோர் அமினோ அமிலமும் நான்கைந்து வரிசையாக வந்துவிட்டால் கதை தலைகீழ். இப்போது ஃபியூரின் என்ற நொதியும் அதை வெட்டும். ஃபியூரின் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது; செல் தன் சொந்தப் புரதங்களைச் செம்மைப்படுத்த வைத்திருக்கும் கருவி அது. புதிய வைரஸ்கள் செல்லைவிட்டுக் கிளம்பும்போதே பொறி மாட்டிய நிலையில் கிளம்புகின்றன. மூளை, இதயம், கணையம், ரத்தக்குழாய்ச் சுவர் என்று எதுவும் தப்பாது. கொண்டை நீலமாகிறது, கால்களில் ரத்தக்கசிவு தெரிகிறது, சில கோழிகள் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்துக்கிடக்கின்றன.

இந்தக் கூடுதல் அமினோ அமிலங்கள் எங்கிருந்து வருகின்றன? வைரஸின் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி அந்த இடத்தில் திக்குகிறது, அதனால் ஆர்.என்.ஏ.வின் சில எழுத்துகள் இரண்டாம் முறையும் எழுதப்பட்டுவிடுகின்றன என்பது வலுவான விளக்கம். எச்5, எச்7 வகைகளில் அந்தப் பகுதியின் ஆர்.என்.ஏ. மடிந்திருக்கும் விதம் இதற்குத் தோதாக இருக்கிறது. சில சமயம் வெளியிலிருந்தும் துண்டு வந்து ஒட்டும். 2012இல் மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் கோடிக்கணக்கான முட்டைக்கோழிகளை அழித்த எச்7என்3 வைரஸைப் பிரித்துப் பார்த்தார்கள். வெட்டு விழும் இடத்தில் 24 எழுத்துகள் புதிதாக இருந்தன. அவை கோழியின் செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வோடு பொருந்தின! கோழியைக் கொல்லும் ஆயுதத்தைக் கோழியிடமிருந்தே எடுத்திருக்கிறது வைரஸ்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1983 ஏப்ரலில் எச்5என்2 அங்கே மென்மையான நோயாக வந்தது. அக்டோபரில் அதுவே கோழிகளைக் கொன்று குவித்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது தெரிந்தது: ஆபத்தான வெட்டுமிடம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அதன் மேல் ஒரு சர்க்கரைச் சங்கிலி கவிழ்ந்து ஃபியூரினை நெருங்கவிடாமல் வைத்திருந்தது. ஒரே ஓர் எழுத்து மாறியதில் அந்த மறைப்பு போனது. சுமார் 1.7 கோடிப் பறவைகளை அழித்த பிறகே நோய் அடங்கியது. இடையிலிருந்த ஆறு மாதம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. சாது வைரஸைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழக்கமான கண்காணிப்புக்குப் பணம் கேட்டால் யாரும் தருவதில்லை; அது சலிப்பூட்டும் வேலை. கோழிகள் சாகத் தொடங்கியதும் பெட்டி பெட்டியாக வருகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1996இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் ஒரு வாத்தினப் பறவையில் கண்டறியப்பட்ட எச்5என்1 வழித்தோன்றல்கள் இந்தப் பழைய விதியை மீறிவிட்டன. அவை பண்ணையிலிருந்து திரும்பக் காட்டுப்பறவைகளுக்குள் போய், பொறி மாட்டிய நிலையிலேயே உலகம் சுற்றுகின்றன. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்தக் குடும்பம்தான். இவற்றை எதிர்கொண்டும் பல வாத்தினங்கள் தாக்குப்பிடிக்கின்றன. ஊடுருவும் வைரஸ் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் ரிக்-1 என்ற மரபணு வாத்துக்கு உண்டு, கோழிக்கு இல்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

சரி, பண்ணைக்காரர் என்ன செய்வது? வானத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிடக் கொட்டகையின் வாசலைப் பார்ப்பது நல்லது. பறவை நேராக உள்ளே வருவது குறைவு. அதன் எச்சம் காலணி, முட்டை அட்டை, தீவன வண்டியின் சக்கரம், திறந்த வெளியில் குவித்த மரத்தூள், சுத்திகரிக்காத குளத்து நீர் ஆகியவற்றில் வருகிறது. வாசலில் குறுக்கே ஒரு பெஞ்ச் போட்டு, வெளிக்காலணியை இந்தப் பக்கம் கழற்றி, காலைத் தரையில் ஊன்றாமல் திருப்பி, உள்ளுக்கென்றே வைத்த காலணியை அந்தப் பக்கம் போடுவது செலவில்லாத, அதனாலேயே யாரும் மதிக்காத வழி. அதற்குப் பதில் பல இடங்களில் ஒரு தொட்டியில் கிருமிநாசினி இருக்கும். நாள்கணக்கில் மாற்றாமல் சேறாகிக் கிடக்கும் அதில் காலை நனைத்துவிட்டு எல்லாரும் நிம்மதியாக உள்ளே போவார்கள். கோழிப்பண்ணைகளில் நான் கண்ட மூடநம்பிக்கைகளில் முதலிடம் இதற்குத்தான். வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பே குலைத்துவிடும். எச்சத்துக்குள் புதைந்திருந்தால் எந்த மருந்தும் அதைத் தொடாது. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் மருந்து. இரண்டாமிடம், வைரஸுக்கு எதிராகத் தீவனத்தில் கலக்கப்படும் ஆன்டிபயாடிக்குக்கு.

தண்ணீர் மீட்டரைத் தினமும் பார்ப்பதும் முக்கியம். கோழிகள் கூட்டமாகச் சாவதற்கு முன்பே பல நேரங்களில் தண்ணீரும் தீவனமும் இறங்கும், கொட்டகையின் இரைச்சலும் அடங்கும். ஒரு பண்ணையில் உறுதியானால் மொத்தத்தையும் அழிப்பது கொடூரமாகத் தெரியலாம். ஆனால் தொற்றிய ஒவ்வொரு பறவையும் வைரஸை ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நகலும் இன்னொரு திக்கலுக்கான வாய்ப்பு.

தடுப்பூசி? பிரான்ஸ் 2023 அக்டோபரில் பண்ணை வாத்துகளுக்குப் போடத் தொடங்கியது. முந்தைய பருவங்களில் நூற்றுக்கணக்கில், ஒருமுறை ஆயிரத்துக்கும் மேல் பாதிக்கப்பட்ட பண்ணைகளின் எண்ணிக்கை அந்தப் பருவத்தில் பத்தாகச் சுருங்கியது. ஆனால் தடுப்பூசி போட்ட பறவை சாகாமலே வைரஸைக் கொஞ்சம் வெளியிடக்கூடும் என்ற அச்சத்தால் அமெரிக்கா உடனே இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இதற்கும் வழி உண்டு. ஹீமக்ளூட்டினின் மட்டுமே உள்ள தடுப்பூசியைப் போட்டால், வைரஸின் உட்புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பான்கள் பறவையின் ரத்தத்தில் இருக்கக்கூடாது. இருந்தால் உண்மையான வைரஸ் வந்து போயிருக்கிறது என்று பொருள். மந்தையில் சில பறவைகளை ஊசி போடாமல் விட்டு, அவற்றைக் காவலுக்கு வைப்பதும் உண்டு. இந்தச் சோதனைகளைப் பண்ணைதோறும் மலிவாகச் செய்துகாட்டும்வரை, கோழி ஏற்றுமதி செய்யும் பெரிய நாடுகள் ஊசியை எடுக்கத் தயங்கிக்கொண்டேதான் இருக்கும் என்பது என் கணிப்பு.